இரு நாடுகளின் மரக் கணக்கு



மரம் நடுவதைப் பற்றியும் காட்டைக் காப்பதைப் பற்றியும் வானொலியிலே பல பேச்சுக்களைக் கேட்டிருப்பீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்டது மரத்தின் கணக்கு. இந்தியாவும் இலங்கையும் பிற நாடுகளிலிருந்து வாங்கும் வன்மரத்தின் பெறுமதி காலத்துக்குக் காலம் ஏறியும் இறங்கியும் வந்திருக்கின்றது. அவ்விரு நாடுகளின் கணக்கையும் அருகருகே வைத்து எவ்வாறு படிப்பது என்பதே இப்பேச்சின் பொருள். சுங்கத் திணைக்களத்தாருக்கும் பொருளியல் அறிஞருக்கும் உரிய இவ்விடயத்தில் கல்முனைப் பகுதிப் பாடசாலை அதிபர் ஒருவருக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். காரணம் உண்டு.

மருதமுனை தொடக்கம் பொத்துவில் வரையுள்ள எங்கள் கரையோரத்திலே, பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் அவர்களுக்கு வீடு கொடுத்தே மணம் முடித்து வைக்கின்றனர். மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வது இப்பகுதி முஸ்லிம்களிடத்தும் தமிழர்களிடத்தும் நெடுங்காலமாக உள்ள வழக்கம். அவ்வழக்கத்தின் நன்மை தீமை வேறொரு பேச்சுக்கு உரியது, இருக்கட்டும். மூன்று பெண்களைப் பெற்ற விவசாயி ஒருவர் மூன்று வீடுகள் கட்டியாக வேண்டும். மூன்றுக்கும் நிலை வேண்டும், கதவு வேண்டும், யன்னல் வேண்டும். கூரைக்கு வளையும் கைமரமும் சலாகையும் வேண்டும். கல்லையும் மணலையும் அயலிலே தேடிக்கொள்ளலாம். மரமோ, ஒரு காலத்தில் மேற்கே இருந்த காட்டிலிருந்து வண்டியில் வந்தது. இன்று அதில் ஒரு பங்கு மலேசியாவிலிருந்து கப்பலேறி வருகின்றது. மரக்காலைக்குச் சென்று விலை கேட்கும் தகப்பன் கன அடிக்கு இத்தனை ரூபா என்ற மறுமொழியோடு, டொலரின் விலை ஏறிவிட்டது என்ற விளக்கத்தையும் கேட்டுத் திரும்புகின்றார். ஆகவே, நாட்டின் இறக்குமதிக் கணக்கு அவருடைய வீட்டு வாசலிலேயே வந்து நிற்கின்றது. அதைப் படிக்கத் தெரிந்திருப்பது அவருக்கு நன்மையேயாகும்.

முதலில் வன்மரம் என்ற சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். உள்ளே வைரமுடையதை அகக்காழ் என்றும், வெளியே வைரமுடையதைப் புறக்காழ் என்றும் பிரித்து, முன்னதை மரம் எனவும், பனையும் தெங்கும் போன்ற பின்னதைப் புல் எனவும் வகுத்தது தொல்காப்பியம். உலக வணிகத்தின் பகுப்பு வேறுவிதமானது. அகன்ற இலையும் பூவும் உடைய மரங்களெல்லாம் அங்கே வன்மரம். ஊசியிலையும் கூம்புக் காயும் உடைய பைன் போன்றவை மென்மரம். இதன்படி பார்த்தால் நம் முற்றத்து முருங்கையும் வன்மரமே! உறுதியைக் கொண்டு இட்ட பெயரன்று அது. இனத்தைக் கொண்டு இட்ட பெயர். எனவே, வன்மரம் இத்தனை கோடிக்கு வந்தது என்ற ஒரே வரியிலே, விலையுயர்ந்த தேக்கும் பெட்டிக்கு உதவும் மலிவான மரமும் ஒன்றாகக் கிடக்கலாம். ஒரு நாடு குறைந்த அளவு தேக்கையும் மற்றொரு நாடு மிகுந்த அளவு மலிவான மரத்தையும் வாங்கி, இரண்டின் பெறுமதியும் சமமாக அமைந்துவிடுதலும் கூடும்.

இனி, வரலாற்றைச் சற்றே நோக்குவோம். இலங்கை ஒரு காலத்தில் உயர்ந்த மரத்தை வெளியே அனுப்பிய நாடு. நமது கிழக்கு மாகாணக் காடுகளில் வளர்ந்த முதிரையை 18 ஆம், 19 ஆம் நூற்றாண்டுகளின் ஆங்கிலத் தளபாடச் செய்கையாளர் விரும்பி வாங்கினர். கருங்காலிக்கும் அதே மதிப்பு இருந்தது. சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் மரத்தை ஆங்கிலேயர் திருகோணமலை மரம் என்றே அழைத்தனர். சென்னையில் துறைமுகம் அமைவதற்கு முன், கப்பலில் வந்த ஆட்களையும் சரக்கையும் அலை கடந்து கரைசேர்த்த மசூலாப் படகுகளுக்கு அம்மரம் பயன்பட்டது. அக்கரையிலே தமிழ்நாட்டார் தமக்கு வேண்டிய தேக்கைப் பர்மாவிலிருந்து வருவித்தனர். செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் கதவுகளும் இன்றும் அதற்குச் சான்றாக நிற்கின்றன.

அந்தப் பர்மாத் தேக்கு நமக்கு முதற்பாடத்தைக் கற்பிக்கின்றது. 1937 ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாந் திகதி வரையில் பர்மா பிரித்தானிய இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்தது. இரங்கூனில் ஏற்றிச் சென்னையில் இறக்கிய தேக்கு, ஒரே நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் சென்ற சரக்கு; அது வெளிநாட்டு இறக்குமதியாகக் கொள்ளத்தக்கதன்று. அன்றைய தினம் பர்மா தனியாகப் பிரிந்தது. அதே காடு, அதே யானை, அதே கப்பல், அதே வணிகர். ஆயினும் அந்நாள் முதல் அந்தத் தேக்கு அந்நிய நாட்டுச் சரக்காயிற்று. இலங்கைக்கோ பர்மா முன்னும் பின்னும் வேற்று நாடுதான். ஆகவே, 1930 ஆம் ஆண்டின் இந்திய மர இறக்குமதியையும் 1940 ஆம் ஆண்டின் இறக்குமதியையும் இலங்கையின் அதே ஆண்டுகளோடு வைத்து ஒப்பிடுகின்றவர், எல்லைக்கோடு மாறியதை மறந்தால் முற்றிலும் தவறான முடிவுக்கே வந்து சேருவார். எந்த எல்லைக்குள் நின்று எண்ணினார்கள் என்பதே முதற்கேள்வி.

இரண்டாவது கேள்வி, எந்தக் கோலால் அளந்தார்கள் என்பது. இதனை ஓர் எளிய கணக்கால் விளக்குகின்றேன். பிள்ளைகள் பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளலாம். ஆயிரம் டொலர் விலையுள்ள பலகையை இரு நாடுகளும் ஒரே நாளில் வாங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். 1965 ஆம் ஆண்டில் இந்திய ரூபாவும் இலங்கை ரூபாவும் டொலரொன்றுக்கு 4 ரூபா 76 சதம் என்ற ஒரே வீதத்தில் இருந்தன. இரு நாட்டுப் புத்தகத்திலும் அப்பலகையின் பெறுமதி 4,760 ரூபா. 1966 ஜூன் மாதத்தில் இந்தியா தன் ரூபாவின் மதிப்பைக் குறைத்து டொலருக்கு 7 ரூபா 50 என்றாக்கியது. அடுத்த வாரம் வந்த அதே அளவு பலகை இந்தியப் புத்தகத்தில் 7,500. இலங்கைப் புத்தகத்தில் பழைய 4,760. 1967 நவம்பரில் இலங்கையும் மதிப்பைக் குறைத்து 5 ரூபா 95 சதம் என்றாக்கியது; நமது புத்தகத்தில் 5,950 ஆயிற்று. 1977 நவம்பரில் நமது நாணய மாற்று முறை மாற்றப்பட்டபோது டொலர் 16 ரூபாவாயிற்று. அதே பலகை 16,000. அப்பொழுது இந்தியப் புத்தகத்தில் அது எண்ணாயிரத்துக்கும் ஒன்பதினாயிரத்துக்கும் இடையிலே நின்றது.

பலகையில் ஒரு துண்டும் கூடவில்லை, குறையவுமில்லை. ஆயினும், ரூபாக் கணக்கை மட்டும் பார்த்தவர் 1966 இல் இந்தியாவே மிகுதியாக வாங்குகின்றது என்றும், 1977 இல் இலங்கை இந்தியாவை முந்திவிட்டது என்றும் கூறியிருப்பார். இன்னும் கேளுங்கள். 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த இலங்கை வீதம், சில மாதங்களுக்குள் 360 ரூபா வரையில் சென்றது. ஆயிரம் டொலர்ப் பலகை இரண்டு இலட்சத்திலிருந்து மூன்று இலட்சத்து அறுபதாயிரமாயிற்று. அதே வேளையில் இந்தியப் புத்தகத்தில் அது எண்பதாயிரத்தையும் எட்டவில்லை. கல்முனை மரக்காலையில் விலை கேட்ட தகப்பன் திகைத்து நின்றது இதனாலேதான். மலேசியக் காட்டில் விலை ஏறியதனால் மட்டுமன்று.

ஆகையால், இரு நாடுகளை ஒப்பிடுவோர் ரூபாவை விட்டு இரண்டுக்கும் பொதுவான ஒரு நாணயத்துக்கு வருதல் வேண்டும். டொலரும் நீளாத சுருங்காத கோல் அன்று. 1965 இல் ஆயிரம் டொலருக்குக் கிடைத்த மரம் இன்று கிடைக்காது. எனவே பெறுமதியின் பக்கத்தில் அளவையும் கேட்க வேண்டும். மரத்தின் உலக அளவு கன மீற்றர். நமது மரக்காலையின் கன அடியில் அது ஏறத்தாழ முப்பத்தைந்தே கால். எத்தனை கன மீற்றர் வந்தது என்று அறிந்த பின்னரே, அதிகம் வாங்கினோமா அன்றி அதிகம் கொடுத்தோமா என்று சொல்ல முடியும்.

மூன்றாவது கேள்வி, மரம் எந்த உருவத்தில் வந்தது என்பது. உலக நாடுகள் 1988 ஆம் ஆண்டு முதல் கைக்கொண்டுவரும் பொதுவான சுங்கப் பகுப்பிலே, மரத்துக்குரிய அத்தியாயம் 44. அதில் உருட்டுமரத்துக்கு ஒரு வரி, அரிமரத்துக்கு வேறொரு வரி, ஒட்டுப்பலகைக்கு இன்னொரு வரி. கதிரையும் மேசையுமாகச் செய்து வந்தால் அந்த அத்தியாயத்திலேயே இராது. இந்தியா நெடுங்காலமாக உருட்டுமரத்தையே பெருவாரியாக வாங்கி வந்த நாடு. குஜராத்திலுள்ள கண்ட்லாத் துறைமுகத்தில் இறக்கி, அயலிலுள்ள ஆலைகளில் அரிந்து உள்நாட்டுக்கு அனுப்புவர். தெற்கே தூத்துக்குடியிலும் மரம் இறங்குகின்றது. இலங்கைக்கு வருவதோ பெரும்பாலும் அரிந்த மரம். ஆதலால் அரிமர வரியை மட்டும் எடுத்து இரு நாடுகளையும் ஒப்பிட்டால், இந்தியாவின் பெரும்பகுதி கண்ணில் படாமலே போய்விடும்.

2014 ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாந் திகதி, இன்று மியன்மார் எனப்படும் பர்மா, உருட்டுமர ஏற்றுமதியைத் தடை செய்தது. அரிந்து தந்தால் அனுப்பலாம், உருட்டாக அனுப்பலாகாது என்பது அதன் பொருள். அதனால் ஒரு வரியிலிருந்த தேக்கு மற்றொரு வரிக்கு இடம்பெயரத் தலைப்பட்டது. அரிமர இறக்குமதி திடீரென வளர்ந்தது கண்டு, நாட்டிலே வீடு கட்டுதல் பெருகிவிட்டது என்று எவரேனும் எழுதினால் அது பிழையாகும்.

இத்துடன் கப்பற் கூலியையும் மறவாதீர்கள். இந்தியாவும் இலங்கையும் இறக்குமதிப் பெறுமதியைக் கணிக்கும்போது, சரக்கின் விலையோடு காப்புறுதியையும் கப்பற் கூலியையும் சேர்த்துக்கொள்கின்றன. அமெரிக்காவோ தன் சுங்கப் பெறுமதியில் கூலியைச் சேர்ப்பதில்லை. 2021 ஆம் ஆண்டில் உலகெங்கும் கொள்கலன் கூலி பன்மடங்காக ஏறியபோது, ஒரு பலகைகூடக் கூடாமலே பெறுமதி கூடிற்று. அதன் மேல் எங்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. எங்கள் ஒலுவில் துறைமுகம் 2013 இல் திறக்கப்பட்டதாயினும், மணல் வந்து அடைத்ததனால் அது வணிகக் கப்பல்கள் வந்துபோகும் துறையாக அமையவில்லை. கொழும்பிலே இறங்கிய மரம் லொறியேறித் தீவின் குறுக்கே வந்தாக வேண்டும். அந்த லொறிக் கூலி எந்த இறக்குமதிக் கணக்கிலும் இல்லை. வீடு கட்டுபவரின் கணக்கில் மட்டுமே உண்டு.

நான்காவது கேள்வி, எத்தனை பேருக்காக வாங்கப்பட்டது என்பது. இந்தியாவின் மக்கள்தொகை 140 கோடிக்கு மேல். இலங்கையினது ஏறத்தாழ இரண்டு கோடியே இருபது இலட்சம். நமக்கு அறுபது மடங்குக்கும் மேலான நாடு அது. இந்தியாவின் தொகை நமது தொகையைப் போல் இருபது மடங்கு என்று ஓர் ஆண்டிலே காணப்பட்டால், தலைக்கு வாங்கியதில் நாமே மிகுதி என்பதை நான்காம் வகுப்புப் பிள்ளையும் வகுத்துச் சொல்லும்.

எல்லை, நாணயம், உருவம், தலைக்கணக்கு ஆகிய இந்நான்கையும் கழித்துப் பார்த்த பின்னரும் ஓர் உண்மை மிஞ்சுகின்றது. இரு நாடுகளும் முன்னைக் காட்டிலும் அந்நியக் காடுகளை நம்பி வாழத் தொடங்கின என்பதே அது. இதன் காரணம் நாணயத்தில் இல்லை, காட்டில் உள்ளது.

1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, இங்கினியாகலையில் அணை எழுந்தது. எங்கள் மேற்குப் புறத்திலே பெருங்காடு நீர்த்தேக்கமும் வயலும் குடியேற்றமுமாயிற்று. நெல் விளைந்தது, நாட்டுக்கு உணவு கிடைத்தது, அதில் ஐயமில்லை. ஆனால் மரம் தந்த நிலம் சோறு தரும் நிலமாயிற்று என்பதும் உண்மை. 1956 ஆம் ஆண்டளவில் இலங்கையின் நிலப்பரப்பில் நூற்றுக்கு 44 வீதம் காடாக இருந்தது. 2010 ஆம் ஆண்டுக் கணக்கில் அது 30 வீதத்துக்குச் சற்றுக் குறைவு. 1990 இல் அரசாங்கம் இயற்கைக் காடுகளில் மரம் தறிப்பதை நிறுத்தியது. இந்தியாவில் 1996 டிசம்பர் 12 ஆம் திகதி உச்ச நீதிமன்றம், கோதவர்மன் வழக்கு என வழங்கும் வழக்கிலே, காடுகளில் மரம் வெட்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. இரண்டும் வேண்டிய செயல்களே. காட்டை இழந்த பின் மழையைத் தேடிப் பயனில்லை.

ஆனால், காடு மூடப்பட்டதனால் மக்களின் கதவுத் தேவை மூடப்படவில்லை. தாய்லாந்தில் 1988 நவம்பரில் பெருவெள்ளத்தோடு மலைச் சரிவும் வெட்டிய மரங்களும் உருண்டு வந்து ஊர்களை அழித்தன. அடுத்த ஜனவரியில் அந்நாடு மரம் தறிப்பதைத் தடுத்தது. சீனாவில் 1998 இல் யாங்சி வெள்ளத்தின் பின் அவ்வாறே நிகழ்ந்தது. அதன் பின்னர் உலகிலேயே பெரிய உருட்டுமர இறக்குமதி நாடாகச் சீனா வளர்ந்தது. தாய்லாந்தின் மரத் தேவை பர்மாவின் எல்லையைத் தாண்டியது. இந்தியாவின் தேவை பர்மாவையும் மலேசியாவையும் நாடியது. பைன் மரத்துக்கு நியூசிலாந்தையும் நாடியது. ஒரு நாட்டின் இறக்குமதிப் பெறுமதி என்பது, அது தன் காட்டிலே வைத்த கோடாலியை எடுத்து யாருடைய காட்டிலே வைத்தது என்பதற்கான குறிப்பாகும். தன் காட்டைக் காத்த பெருமையைச் சொல்லிக்கொள்ளும் எந்த நாடும் அந்தக் குறிப்பையும் சேர்த்துப் படிக்கக் கடமைப்பட்டது.

இனி, பெறுமதி ஏறினால் செழிப்பு, இறங்கினால் சிக்கனம் என்று எண்ணுவோருக்கு எங்கள் கரையோரத்தின் இரு அனுபவங்களைக் கூற விரும்புகின்றேன்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் எழுந்து வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்; இலங்கையில் வேறெந்த மாவட்டமும் இத்தனை உயிர்களை இழக்கவில்லை. மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் கடலோர வீடுகள் நிலையோடு பெயர்ந்து போயின. அடுத்து வந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான கதவுகளும் கூரைகளும் ஒரே காலத்தில் வேண்டியிருந்தன. ஓடாவிமாருக்கு ஓய்வில்லை. அவ்வாறான காலத்தில் ஒரு நாட்டின் மர இறக்குமதி ஏறினால், அந்த ஏற்றத்தைச் செழிப்பு என்று எழுதலாகுமா? இழந்ததை மீட்பதற்குக் கொடுத்த விலையன்றோ அது!

2022 ஆம் ஆண்டின் அனுபவம் இதற்கு நேர்மாறானது. அவ்வாண்டு ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. டொலர் இல்லை, அதற்கு முன்பிருந்தே பல இறக்குமதிகளுக்குக் கட்டுப்பாடும் இருந்தது. அத்தகைய காலத்தில் டொலர்க் கணக்கில் இறக்குமதி குறைந்தால், நாடு பணத்தை மீதப்படுத்தியது என்று கணக்காளர் கூறலாம். எங்கள் ஊர்களிலோ சுவர் எழுந்து கதவு இல்லாத வீடுகள் நின்றன. நிலையிருந்தும் கதவுக்குப் பதிலாகச் சாக்கையும் தகரத்தையும் கட்டி வைத்தவர்கள் உண்டு. வீடு முடியாதபடியால் திருமணத்தைத் தள்ளிப்போட்ட குடும்பங்களும் உண்டு. அந்த மீதத்தின் ஒரு பங்கைக் கட்டியவர்கள் இவர்கள்தாம்.

அப்படியானால் நாம் செய்யத்தக்கது யாது? கணக்கைப் பழிப்பதால் பயனில்லை. அதனிடம் சரியான கேள்வியைக் கேட்கப் பழகுவோம். செய்தித்தாளிலே மர இறக்குமதி இத்தனை கோடி என்று கண்டால், எந்த நாணயத்தில், எத்தனை கன மீற்றர், உருட்டா அரிந்ததா, எத்தனை பேருக்கு, யாருடைய காட்டிலிருந்து என்று கேளுங்கள். ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: விகித சமத்தைக் கற்பிக்கும்போது கற்பனை மாம்பழங்களுக்குப் பதிலாக ஊர் மரக்காலையின் விலைப்பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குக் கணக்கும் விளங்கும். வீட்டின் வருத்தமும் விளங்கும்.

இன்னொன்றும் உண்டு. இலங்கையின் வீட்டுத் தோட்டங்கள் நாட்டின் அரிமரத் தேவையில் பெரும் பங்கைத் தருகின்றன. பலாவும் வேம்பும் தேக்கும் மலைவேம்பும் காட்டில்தான் வளரவேண்டும் என்பதில்லை. எங்கள் கரையோரக் காணிகள் சிறியன, அது உண்மை. ஆயினும் வேலியோரத்தில் இரண்டு மரங்களுக்கு இடமில்லாத வளவு அரிது. உள்ளே தள்ளிய மேட்டுக்காணிகளில் இடம் இன்னும் தாராளம். பெண்குழந்தை பிறந்த வீட்டில் அன்றைக்கே நட்ட வேம்பு, அவள் மணமாகும் வயதில் ஒரு யன்னலுக்காவது உதவும். அந்த யன்னலின் பெறுமதி எந்தச் சுங்கப் புத்தகத்திலும் ஏறாது; எந்த நாணயம் வீழ்ந்தாலும் அது மாறாது; மலேசியக் காட்டில் ஒரு மரமாவது நிற்கும்.

வரும் மழைக்காலத்தில் கன்று நடுவதற்கு இன்னும் நாள் இருக்கின்றது. வேலியோரத்து இடத்தை இப்பொழுதே பார்த்து வையுங்கள்.